குழாய் போடப் பழகிவிட்டு ஊசிக்குப் போங்கள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 57. சர்க்கரை வந்து பதினோரு வருடம். என் நாற்காலியிலிருந்து குடோனுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறை 42 எட்டு. எண்ணி வைத்திருக்கிறேன், ஏனென்றால் முப்பதாவது எட்டிலேயே புடவை நனைந்துவிடும். விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை என்று விவசாயி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேனாவைப் போட்டுவிட்டு ஓடுவேன். "ஏனுங்க அக்கா, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா?" என்று ஒருவர் பாவமாகக் கேட்டே விட்டார்.

இந்த அவசரத்துக்காகச் சிறுநீர்ப்பைக்குள் போடும் ஊசியை இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். முதல் தடவை நன்றாகப் பட்டேன். இரண்டாவது தடவை சுளுவாகப் போனது. அதில் பாதி அதிர்ஷ்டம், மீதிப் பாதி எது எப்போது வரும் என்று தெரிந்து வைத்திருந்தது. அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதை மட்டும் என்னிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது எந்தக் கசிவுக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். இருமினால், தும்மினால், மூட்டையைத் தூக்கினால் கசிகிறது என்றால் அது வேறு. அதற்கு இந்த ஊசி வேலை செய்யாது. திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது, அடக்க முடியவில்லை, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்பவர்களுக்குத்தான் இது. அதுவும் எடுத்த எடுப்பில் இல்லை. காப்பியைக் குறைப்பது, மணி பார்த்துப் போய்ப் பழகுவது, இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி, மாத்திரை என்று எல்லாம் பார்த்த பிறகு. எனக்கு முதல் மாத்திரையில் வாய் காய்ந்து உமி மென்றதுபோல் ஆனது, மலச்சிக்கல் வேறு. அடுத்த மாத்திரையில் பிரஷர் ஏறியது. அப்புறம்தான் ஊசிப் பேச்சு வந்தது.

ஊசியின் பெயர் போடாக்ஸ். ஆமாம், முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதேதான். கெட்டுப்போன உணவில் விஷமாகும் ஒரு கிருமியிலிருந்து எடுப்பது. நரம்பு தசையைச் சுருங்கச் சொல்லும் கட்டளையை இது இடையில் மறித்துவிடும். மூத்திரப் பாதை வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, சிறுநீர்ப்பைச் சுவரில் 20 இடத்தில் துளித்துளியாகப் போடுகிறார்கள். நரம்புக் கோளாறு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமான அளவு 100 யூனிட். கொஞ்ச நாளில் வேலையைக் காட்டத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும், சுமார் ஆறு மாதம் நிற்கும். சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய.

பக்கவிளைவு என்று தனியாக ஒரு பூதம் எங்கிருந்தோ வருவதில்லை. கட்டளையை மறிப்பதுதான் ஊசியின் வேலை. அந்த வேலை ஒரு பிடி அதிகமாகிவிட்டால், அடக்க முடியாமல் இருந்த பை இப்போது விட முடியாமல் ஆகிவிடும். முழுதாகக் காலியாகாது. உள்ளே மீதி தங்கும். தங்கிய நீரில் கிருமி பெருகும். அநேகமாக எல்லாத் தொல்லையும் இந்த ஒரு வரிசையில்தான் வருகிறது. மீதியைக் கண்காணித்தால் பெரும்பாலானதைக் கண்காணித்த மாதிரி. கணக்கு எழுதுகிறவளுக்கு இது சட்டென்று புரிந்தது: வரவு, செலவு, இருப்பு. இருப்பு ஏறிக்கொண்டே போனால் எங்கோ தப்பு.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அமெரிக்காவில் பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு 100 யூனிட் ஊசி, மறு பாதிக்கு மாத்திரை. அவசரக் கசிவு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது. அடியோடு நின்றது ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு, மாத்திரையில் 13 பேருக்கு. ஆனால் நீர்த்தொற்று ஊசியில் 33, மாத்திரையில் 13. இரண்டு மாதம் கழித்தும் குழாய் போட்டு நீரை எடுக்க வேண்டியிருந்தவர்கள் ஊசியில் 5, மாத்திரையில் ஒருவரும் இல்லை. வாய் காய்வது மட்டும் மாத்திரையில்தான் அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்றும் மீதி தங்குவதும் இன்னும் கூடுதலாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. என்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூற்றில் ஐந்துதானே என்று முதல் தடவை நினைத்தேன். குழாய் போட வேண்டியவர்களில் நானும் ஒருத்தியாகிவிட்டேன்.

ஊசிக்கு முன்னால்

என் பிடிவாதமான ஒரே யோசனை இதுதான்: நீரை வடிக்கும் குழாயை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் ஊசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். "தேவைப்பட்டால் பார்த்துக்கலாம்" என்பார்கள். தேவைப்படும் நேரம் ராத்திரி பதினொன்றரை மணியாக இருக்கும், அடிவயிறு பாறை மாதிரி இருக்கும். அப்போது கற்றுக்கொள்ள முடியாது. போட்டுப் பார்த்துவிட்டு "இது எனக்கு ஆகாது" என்று தோன்றினால் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதில் வெட்கமில்லை. கை நடுக்கம், மூட்டு வலி, கண் மங்கல் உள்ளவர்கள் வீட்டில் யார் போட்டுவிடுவார்கள் என்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

மெடிக்கலில் கேட்கும்போது கவனம். யூரின் டியூப் என்று கேட்டால் பலூன் வைத்த ஃபோலி கதீட்டரைத் தருவார்கள். அது உள்ளேயே விட்டுவைக்கும் குழாய். நமக்கு வேண்டியது போட்டு, காலி செய்து, உடனே எடுத்துவிடும் நெலாட்டன் கதீட்டர். பெண்களுக்கென்றே குட்டையாக வருகிறது. என்னுடையது 12-ஆம் நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர் தடிமன். பார்க்கும்போது பயம்தான், பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிலைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே.

டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: இப்போது நீர்க்கடுப்பு இருக்கிறதா (இருந்தால் ஊசியைத் தள்ளிப் போடுவார்கள்), தசை பலவீன நோய் ஏதாவது உண்டா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. அந்த மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். நான் சாப்பிட்ட டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையை மூத்திரம் வழியாகத் தள்ளும் மாத்திரை. நீரின் அளவைக் கூட்டும், அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்றையும் கொண்டுவரும். என் அவசரத்தில் பாதி அந்த மாத்திரை செய்ததோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

இன்னொன்று: "ஒண்ணுக்குப் போன பிறகு உள்ளே எவ்வளவு மீதி இருக்கிறது?" என்று ஊசிக்கு முன்பே ஸ்கேனில் பார்த்து எழுதி வாங்குங்கள். அது ஆரம்ப இருப்பு. எனக்கு 40 மில்லி. ஆரம்ப இருப்பு தெரியாமல் ஐந்தொகை போட முடியாதே.

அன்றைக்கும் மறுநாளும்

காலை ஆறு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் போனோம். பெருந்துறை தாண்டுவதற்குள் வீட்டுக்காரர் இரண்டு தடவை டிரைவரிடம் கெஞ்சிவிட்டார். ஊசி போட்டது கால்மணி நேரம்கூட இல்லை. மரத்துப்போகும் மருந்தைப் பைக்குள் விட்டு அரைமணி நேரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குத்தும் எறும்பு கடித்தாற்போல் இருந்தது, ஏழெட்டுக் குத்து கொஞ்சம் சுரீர் என்றது. எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினான்கில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் அங்கேயே ஒண்ணுக்குப் போய்க் காட்டச் சொல்வார்கள். போகாமல் கிளம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர், எத்தனை யூனிட், பேட்ச் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். இதே வகை மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் வருகிறது. ஒன்றின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமில்லை. குவிண்டாலையும் மூட்டையையும் ஒரே பத்தியில் கூட்டின மாதிரி ஆகிவிடும்.

முதல் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், நீர் ரோஸ் நிறத்தில் வரும். இது எதிர்பார்த்ததுதான். கட்டிக்கட்டியாக ரத்தம் வந்தாலோ, நிறம் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை முழுதாக முடியுங்கள்.

இரண்டாவது வாரம்தான் முக்கியம்

நான் ஏமாந்த இடம் இது. எனக்கு ஐந்தாம் நாளே அவசரம் போய்விட்டது. 42 எட்டும் நனையாமல் நடந்தேன். மண்டியில் எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் மறுபடி உள்பாவாடை ஈரம். சொட்டுச்சொட்டாக, நான் அறியாமலே. சரி, ஊசி தோற்றுவிட்டது என்று நினைத்துக் கொண்டேன்.

தோற்கவில்லை. மேல்தொட்டியில் மோட்டாரை அணைக்க மறந்தால் என்ன ஆகும்? நிரம்பி வழியும். அதுதான் நடந்தது. ஊசிக்கு முந்தைய கசிவு முட்டிக்கொண்டு வரும், அவசரம் கூடவே இருக்கும். நிரம்பி வழியும் கசிவில் அவசரமே இருக்காது. அடிவயிறு கனக்கும். உட்கார்ந்தால் உடனே வராது, முக்க வேண்டியிருக்கும், தாரை நூல் மாதிரி இருக்கும், எழுந்த இரண்டாம் நிமிடம் இன்னும் இருப்பதுபோல் தோன்றும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாமியார் "சூடு பிடிச்சிருக்குது கண்ணு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டார். இளநீர் இரண்டு, நீர்மோர் ஒரு சொம்பு. நம் பக்கத்தில் கடுப்பு என்றால் எல்லாருக்கும் சூடுதானே. அத்தை மேல் குற்றமில்லை, என் அம்மாயியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் வெளியே போகாத பையில் இன்னும் ஒரு லிட்டரை ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரிக்குள் எழுந்து நிமிர முடியவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். தொற்று என்று சொல்லி அமிக்காசின் ஊசி போட்டார்கள். நானும் போடாக்ஸ் போட்டதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அமிக்காசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் போடாக்ஸின் வேலையை இன்னும் கூட்டிவிடக்கூடியவை என்று கோயம்புத்தூரில்தான் தெரிந்தது. ஊசி போட்ட தேதியையும் "அமிக்காசின், ஜென்டாமைசின் வேண்டாம், டாக்டரைக் கேட்கவும்" என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, இப்போது பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

மறுநாள் ஸ்கேனில் மீதி 310 மில்லி. போடாக்ஸ் போட்ட இடத்தில் "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மீதியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. அவர்கள் தேதி கொடுக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். எவ்வளவு மீதி இருந்தால் குழாய் என்பதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் உண்டு. 200-க்கு மேல் இருந்து தொந்தரவும் இருந்தால் பலர் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 350 தாண்டினால் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆரம்பிப்பார்கள்.

குழாய் போடுவது

நர்ஸ் பெண்ணுக்கு என் மகள் வயது. "அம்மா, கண்ணாடியப் பாருங்க, என்னயப் பாக்காதீங்க" என்றது. 57 வயதில் முதல் முறையாக என் உடம்பின் அந்தப் பகுதியை வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு மூத்திரத் துவாரம் எது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் வந்துவிட்டது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முன்னாலிருந்து பின்னால் மட்டும் துடையுங்கள். மேற்கத்திய கழிப்பறையில் காலை அகட்டி உட்காரலாம், இல்லையென்றால் நின்றுகொண்டு ஒரு காலை முக்காலி மேல் வைக்கலாம். கண்ணாடியை எதிரில் சாய்த்து வையுங்கள். நான் மணிக்கூண்டுப் பக்கம் வாங்கிய சிவப்புச் சட்டம் போட்ட கைக்கண்ணாடி, முகம் பார்க்க அல்ல என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இடது கை விரல்களால் இதழ்களை விலக்கினால், பிறப்புறுப்பின் வாய்க்குச் சற்று மேலே, ஒரு சின்னச் சுருக்கம் அல்லது புள்ளி தெரியும். அதுதான். குழாயின் நுனியில் தண்ணீரில் கரையும் ஜெல் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே மெதுவாக உள்ளே விடுங்கள். பெண்களுக்குப் பாதை நாலு செண்டிமீட்டர்தான். நீர் வரத் தொடங்கியதும் இன்னும் ஓரிரு செண்டிமீட்டர் தள்ளி அப்படியே பிடியுங்கள். நின்றதும் மெதுவாக இழுங்கள். பாதி வழியில் மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள், அடியில் தங்கியது அப்போதுதான் வரும்.

நீரே வரவில்லை, உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றால் தப்பான வாசல். அதை எடுக்காதீர்கள். அடையாளத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு, புதுக் குழாயை அதற்கு மேலே விடுங்கள். முதல் வாரம் நான் மூன்று குழாய் இப்படி வீணாக்கினேன். ஒருமுறைக் குழாயைக் கழுவித் திரும்பப் போடலாமா என்று எல்லாருக்கும் தோன்றும், விலை அப்படி. அதை உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் முதலில் தானாகப் போனது எவ்வளவு, குழாயில் வந்தது எவ்வளவு என்று அரை லிட்டர் அளவு ஜக்கில் பிடித்து நோட்டில் எழுதினேன். 310, 290, 260. மூன்றாம் வாரம் 210. ஒருநாள் 340 என்று திரும்ப ஏறியது, அன்றைக்கு நாலு நாளாக மலச்சிக்கல். நிறைந்த குடல் பையையும் பாதையையும் அமுக்கும், ஆகவே பப்பாளி, கொள்ளுப் பருப்பு, தண்ணீர் என்று வயிற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் வாரம் 90. டாக்டர் குழாயை நிறுத்தச் சொன்னார். மீதி தங்குவது தற்காலிகம்தான், ஆனால் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். ஊசியை உறிஞ்சி எடுக்க மாற்று மருந்து கிடையாது, தானாகத்தான் குறைய வேண்டும்.

மீதி குறைவாக இருப்பவர்களும் இதைச் செய்யலாம்: ஊசிக்குப் பிறகு முட்டும் உணர்வு மங்கிவிடும், எனவே மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை மணி பார்த்துப் போங்கள். போய் முடித்ததும் எழுந்து நின்று, அரை நிமிடம் கழித்து மறுபடி உட்கார்ந்து முன்னால் குனியுங்கள். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் தொடாமல் அந்தரத்தில் நின்றபடி போனால் பை முழுதாகக் காலியாகாது.

தொற்றும், ஓட வேண்டிய நேரமும்

எரிச்சல், நாற்றம், கலங்கல், திரும்பவும் அவசரம் என்றால் முதலில் எந்தக் கிருமி என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் கொடுத்துவிட்டு அப்புறம் ஆன்டிபயாட்டிக். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், டாக்டர் அதுவரைக்கும் ஏதாவது கொடுப்பார். போன தடவை மிச்சமான மாத்திரையை விழுங்காதீர்கள். இன்னொரு பக்கமும் உண்டு: குழாய் போடுகிறவர்களின் நீரில் தொந்தரவே இல்லாமல் கிருமி இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் கிருமி என்று எழுதியதற்காக மட்டும் மருந்து தேவையில்லை. எனக்கு அடுத்தடுத்து வந்தபோது டாக்டர் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுத்தார். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது தொற்று திரும்ப வருவதைக் குறைக்கும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு சொட்டும் போகவில்லை, வயிறு உப்பிவிட்டது, குழாயும் போகவில்லை என்றாலும் அப்படியே. அபூர்வமாக மருந்து உடம்பின் வேறு இடத்துக்குப் பரவலாம்: இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, குரல் மாறுவது, சோறு விழுங்க முடியாமல் போவது, மூச்சு முட்டுவது. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். ஊசி போட்டது வயிற்றில்தானே, கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எட்டாம் மாதம் அவசரம் மெல்லத் திரும்பியது. ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். நான் பத்தாம் மாதம்தான் போட்டேன், பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் தீக்குண்டத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து. ஆறு வருடம் போகாமல் இருந்தேன். இந்தத் தடவை ஆரம்ப இருப்பு 35. பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் 80. குழாய் டப்பா இன்னும் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. காலாவதித் தேதியை மட்டும் பார்த்துப் பார்த்து மாற்றி வைக்கிறேன்.